நாய்க்குத்தான் சொல்கிறேன்

மார்ச் 3

போனை எடுக்காத அக்காவுக்கு,

எத்தனை தடவைதான் அடிப்பது? முதல் இரண்டு நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு பிஸி என்று வந்தது. நேற்றிலிருந்து ஒரேயடியாக ஸ்விட்ச் ஆஃப். வேலையில் நாள் முழுக்க போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டிருப்பவளுக்கு வீட்டிலும் மணி அடித்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கூடப் பிறந்தவளிடமுமா? பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைப் பிடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கடிதத்தில் ஒரு வசதி, நீ பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் மாடியில் கட்டிய புது வீட்டைப் பார்க்க வந்தீர்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "அணிலுக்குத் தூக்கம் வருது, கிளம்புறோம்" என்றாய். மாமா வாயைத் துடைத்துக்கொண்டே ஓடினார். வாசலில் என் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. என் மாமியார் சொன்னதில் கோபமா? "பையனைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதா" என்றார், நானும் கேட்டேன். எட்டு வயதுப் பையன் ஏன் பேசுவதில்லை, கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஆட்டிசம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் வாய் அப்படி. கீழே இவருடைய கிளினிக்கில் பல் பிடுங்க வந்து வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "பல்லு வெளக்குவீங்களா இல்லையா?" என்று கேட்டவர். மனதில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய கோபமெல்லாம் இப்போது நாய் மேல்தான். நீயே பார்த்தாயே, சோபாவின் கைப்பிடியை. மேலே இருந்த ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு இரண்டு கை அள்ளும் அளவுக்குக் காணோம். மாமியார் தானே கடைக்குப் போய், உட்கார்ந்து பார்த்து, எழுந்து பார்த்து வாங்கிய சோபா. நீங்கள் போனதும் மேனேஜரைக் கட்டிப் போட்டுவிட்டோம். குட்டியிலிருந்தே கிளினிக்கில் காத்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்வையிட்டுக்கொண்டு போகும் என்று பெருமையாக மேனேஜர் என்று பேர் வைத்தோம். இப்போது வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

அவ்வளவு ஸ்பாஞ்சு வயிற்றில் போனால் குடலை அடைத்துவிடுமே என்று பயந்து, மறுநாளே கால்நடை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தார். வயிறு சுத்தமாக இருக்கிறதாம், ஒரு துணுக்குகூட இல்லையாம். அத்தனையும் எங்கேதான் போயிற்றோ.

இவர் உன்னை விசாரித்தார். அணில் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, வயிறு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார். பல் டாக்டருக்கு வயிற்றில் என்ன வேலை என்றேன். "வாய்க்குக் கீழதான வயிறு இருக்கு" என்றார்.

பதில் போடு. இல்லையென்றால் நேரில் வந்து நிற்பேன்.

உன் தங்கச்சி


மார்ச் 9

விடாமல் மணி அடிக்கும் தங்கச்சிக்கு,

நேரில் வர வேண்டாம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் மாமியார் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அணிலுக்குத் தூக்கம் வந்தது, வந்துவிட்டோம். இதில் கதை கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

வேலை அதிகம். கோடை வந்தாலே கரண்ட் போகிறது, லிஃப்டெல்லாம் பாதியில் நிற்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறுகிறார்கள். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, பக்கத்துல வந்துட்டாங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக் எங்கோ ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். நான் பதறாமல் சொல்வதால் நம்புவார்கள். இந்தக் குரலுக்காகத்தான் லிஃப்ட் கம்பெனியில் என்னை வைத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு வீட்டில் போனைப் பார்த்தாலே குமட்டுகிறது. வேறு காரணம் இல்லை.

மேனேஜரைப் பற்றி எழுதியிருந்தாய். ஒரு தடவை கடித்து ருசி கண்ட நாய் மறுபடியும் கடிக்கும். நாளைக்கு கிளினிக்குக்கு வருகிறவர்களையும் கடித்து வைத்தால் உங்களுக்குத்தான் கெட்ட பேர். யாராவது இடம் இருக்கிறவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

அணில் நன்றாக இருக்கிறான். இரண்டு நாளாகச் சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்பல் இரண்டும் விழுந்த இடம் உறுத்துகிறதோ என்னவோ. மாமாவுக்கு நீண்ட தூர வண்டி போட்டிருக்கிறார்கள், மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வீட்டுப் பக்கம் வருகிறார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த ஸ்பாஞ்சு எந்த மாதிரி? தண்ணீரில் ஊறினால் கரையுமா, உப்புமா? மேலே இருந்த ரெக்சினில் சாயம் ஏதாவது உண்டா? சும்மாதான் கேட்கிறேன். நாங்களும் ஒரு சோபா வாங்கலாமா என்று பேச்சு வந்தது.

அக்கா


மார்ச் 15

சோபா வாங்கப் போகும் அக்காவுக்கு,

மேனேஜர் போய்விட்டது. இவருக்குப் பல் செட் செய்து கொண்டுவந்து கொடுப்பவர் ஊருக்கு வெளியே குடியிருக்கிறார், சுற்றிலும் இடம் உண்டு. அவருடைய வண்டியில் ஏற்றினோம். அது எதுவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டது, கிளினிக் வாசலையே பார்த்துக்கொண்டு போயிற்று. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீயும் அனுப்பச் சொன்னாய், மாமியாரும் அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டோம். சந்தோஷமா?

நீ கேட்டதற்கு பதில். இவர் சோபா கடைக்கே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் ஸ்பாஞ்சு, கெட்டியான ரகம். தண்ணீரில் கரையாது. ஊறினால் உப்பும். வயிற்றுக்குள் போனால் ஜீரணமாகாது, ஒன்றோடு ஒன்று சேர்ந்து உருண்டையாகத் திரண்டுகொள்ளும், குடலில் போய் மாட்டிக்கொள்ளும். ரெக்சினைப் பற்றிக் கவலை இல்லை, அது அவ்வளவாகக் குறையவில்லை.

இவர் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார், அப்படியே எழுதுகிறேன். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. வயிறு உப்புவது, தொட்டால் கையைத் தட்டிவிடுவது. வெளிக்குப் போகாமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சை நிறத்தில் வாந்தி. இதில் எது இருந்தாலும் விடியட்டும், வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக என்ன விழுங்கியது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் டாக்டர்கள் வேறு எதையோ தேடிக்கொண்டு இருப்பார்களாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஸ்பாஞ்சு தெரியாதாம்.

நாய்க்குத்தான் சொல்கிறேன்.

மேனேஜரைத்தான் அனுப்பியாயிற்றே, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். எழுதச் சொன்னார், எழுதுகிறேன். இரண்டு தடவை படி. இதை எழுதி முடித்ததும் நானே கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோய், நாளைக்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

தயவுசெய்து போனை எடு அக்கா.

உன் தங்கச்சி


மார்ச் 27

தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரியில், அணிலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா உனக்குப் போனில் சொல்லியிருப்பார். ஆபரேஷன் முடிந்தது, ஆபத்து இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும். போனில் என்னால் முடியாது. நீ "சொல்லுக்கா" என்று ஒரு தடவை சொன்னால் போதும், வைத்துவிடுவேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவன் வாந்தி எடுத்தான். இங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தேன். சின்ன வயது லேடி டாக்டர், நல்ல மாதிரி. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏதாவது முழுங்கினானாம்மா?" என்று கேட்டார். நான் "இல்ல டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. படியேறும்போதே பிரித்தேன். பச்சை வாந்தி என்ற இடத்தில் படியிலேயே நின்றுவிட்டேன். அன்று காலைதான் பச்சையாக எடுத்திருந்தான். தலையணை உறையை மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நான் வேலைக்குக் கிளம்பியிருந்தேன். பக்கத்து வீட்டம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதே டாக்டர். "நேத்து கேட்டேனே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. சத்தியமாக வரவில்லை. உன் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தார்.

"இது ஏதோ நாயைப் பத்தி எழுதியிருக்கே?" என்றார்.

"நாய் இல்ல டாக்டர். இவன்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழாய் விட்டு எடுக்க வராது என்று வயிற்றைத் திறந்துவிட்டார்கள். எடுத்ததை நர்ஸ் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார், காட்ட வேண்டும் என்பது சட்டமோ என்னவோ. உன் சோபாவின் மஞ்சள் ஸ்பாஞ்சை அந்த நிலைமையிலும் அடையாளம் தெரிந்தது. அதோடு அவனுடைய செருப்பு வார், அழிரப்பர், என் ஸ்வெட்டர் நூல், சட்டைப் பொத்தான். "வீட்டுல புள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கறதில்லையா?" என்று அந்த நர்ஸ் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது? அவன் தட்டில் சாப்பாடு அப்படியே இருக்கும், தட்டுக்குக் கீழே விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் மூலையைக் காணோம். இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்?

மாமாவுக்கே அதுவரை தெரியாது. சட்டைக் காலரைச் சப்புவான் என்கிற அளவுக்குத்தான் தெரியும். பொத்தான் போனால் அவர் வருவதற்குள் வேறு தைத்துவிடுவேன். ஒரே மாதிரி அழிரப்பர் ஒரு டப்பா வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். அவன் வெளிக்குப் போனதும் எதெது வந்திருக்கிறது என்று குச்சியால் கிளறிப் பார்ப்பேன். வந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி. இத்தனையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவரிடம் சொன்னேன். "என்கிட்டகூடவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு உன் வீட்டு ஹாலுக்குள் முதலில் வந்தது நான்தான். அவன் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், மேனேஜர் அவன் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அவன் உதட்டில் மஞ்சள் துணுக்கு. கைக்குட்டையால் துடைத்தேன். பின்னாலேயே உன் மாமியார் வந்து, "ஐயோ, என்ன இது?" என்றார். நான் "நாயா இருக்கும்" என்றேன். யார் செய்தது என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நாய், நாய் என்று எழுதியிருக்கிறாய். நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே?

இல்லை. ஓடியிருக்க மாட்டேன். உன்னோடு சண்டை பிடித்திருப்பேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

தெரியும். அன்றைக்கே தெரியும்.

நீங்கள் போன பிறகு இவர் சோபாவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நாய் கடித்தால் நீளமாகக் கிழியுமாம். இது சின்ன அரைவட்டமாக, வரிசையாக இருந்தது. நடுவில் மட்டும் பல் பதியவில்லை. அதற்கு முந்தின மாதம் அணிலின் ஆடுகிற முன்பல்லைப் பார்த்ததே இவர்தானே. அந்தக் காலி இடத்தில் கட்டைவிரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் மாமியார் வந்து, "நாய்தானடா?" என்று கேட்க, "ஆமா, நாய்தான்" என்றார். உன் மானம் போகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு சமையலறையில் என்னிடம், "உங்க அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லு. நான் சொன்னா அவங்க இந்த வீட்டுப் படியே ஏற மாட்டாங்க" என்றார். மாமாவுக்கும் போன் செய்தார். வண்டியில் இருந்தாராம், "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றாராம். அதற்கு மேல் கேட்க இவருக்கும் நாக்கு எழவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேள். நீ தப்பாக நினைப்பாய் என்பதற்காக இல்லை. அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பூச்செல்லாம் நிற்கவில்லை. என் அக்கா பையன் சோபாவைத் தின்றான் என்பது இந்த வீட்டில் பேச்சாக வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் வெட்கப்பட்டேன் அக்கா. அவனைப் பார்த்து வெட்கப்பட்டேன். பிஸ்கட்டைக் கொறிப்பதைப் பார்த்து அணில் என்று பேர் வைத்ததே நான்தான், அவனைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவளும் நான்தான்.

கால்நடை டாக்டர் ஸ்கேன் திரையைக் காட்டி, "ஒண்ணுமே இல்லம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றார். நாயின் வயிற்றில் இல்லையென்றால் யார் வயிற்றில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்த நிமிஷமே பஸ் ஏறியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, "எங்கேதான் போயிற்றோ" என்று உனக்குக் கடிதம் எழுதினேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு பதிலாக, ஒரு பாவமும் அறியாத நாயை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இதை நினைத்துக்கொண்டு நான் எப்படி உன் முகத்தில் முழிப்பேன்? வரட்டுமா, வேண்டாமா? நீயே சொல்.

உன் தங்கச்சி


ஏப்ரல் 7

உன் கடிதம் வந்தது. இப்போது எதுவும் எழுத வரவில்லை. கோபமா என்று எனக்கே தெரியவில்லை. வராதே. இன்றைக்குப் பால் குடித்தான்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

வராதே என்றாய், வரவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். நாய் இல்லை, அணில்தான், பசியால் இல்லை, அவன் உடம்பு அப்படிக் கேட்கிறது, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது என்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். வாங்கவும் வாங்கினேன், ஆனால் நான் நினைத்ததற்கு இல்லை.

"சோபா போனா போகுது, வேற வாங்கலாம். ஒரு புள்ள உசுரு ஊசலாடியிருக்கு, வாயில்லா ஜீவன் ஒண்ணு வீட்டை விட்டே போயிருக்கு, அதுவரைக்கும் என்கிட்ட யாரும் வாயத் திறக்கலையே. என்னை என்ன ராட்சசின்னு நெனச்சீங்களா?" என்றார். உண்மையில் அப்படித்தானே நினைத்தோம்.

இரண்டு நாள் என்னோடும் இவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "கெளம்பு, நாயைக் கூட்டிட்டு வரலாம்" என்றார். அவரேதான் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

பல் செட்காரர் வீட்டு வாசலிலேயே மேனேஜர் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, கையை நக்கியது. மாமியார் காலைக்கூட மோந்து பார்த்தது. வண்டிக் கதவைத் திறந்து "வாடா" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போய், அந்த வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மூட்டு வலியில் படுக்கையோடு இருந்த அம்மா. இது வந்த பிறகுதான் வாசல் வரைக்கும் நடக்கிறாராம். அவரிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு வர எங்களுக்கு மனசு வரவில்லை. அங்கேயும் மேனேஜர் வேலைதான் பார்க்கிறது. வெறும் வண்டியில் திரும்பினோம்.

சோபா அப்படியேதான் இருக்கிறது. ஸ்பாஞ்சு தெரியாமல் கெட்டித் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். தைக்க ஆள் கூப்பிடட்டுமா என்றேன். "அவன் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் தைக்கலாம். தைச்சதையும் ஒரு கை பார்த்துட்டான்னா?" என்கிறார் மாமியார். அவருக்குக் கிண்டலும் வரும் என்று இப்போதுதான் தெரிகிறது. காத்திருக்கும் ஆட்கள் யாராவது மேலே வந்தால், துணியைப் பார்த்துவிட்டு, "நாய் கடிச்சுதா?" என்று கேட்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். பழக்கம்.

உன் தங்கச்சி


மே 18

என் தங்கச்சிக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு.

அணில் தேறிவிட்டான். தையல் பிரித்தாயிற்று. ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவன் இப்படிக் கண்டதைத் தின்பதற்கு பைகா என்று ஒரு பேர் சொன்னார், இவனை மாதிரி நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பேர் இருக்கிறது என்பதற்கே. ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு, மருந்து கொடுத்திருக்கிறார். கடிப்பதற்கென்றே கெட்டியான ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறது, பிய்யாத ரகம், கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம். பொத்தான் இல்லாத சட்டை. மாமா வண்டி நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டார். வீட்டில் இருக்கும் நாளில் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று துழாவுகிறார். நேற்று ஒரு பேனா மூடியைக் கண்டுபிடித்துவிட்டு, ஏதோ புதையல் எடுத்த மாதிரி கூப்பிட்டுக் காட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. போன வாரம் குளியலறை ஸ்பாஞ்சின் மூலையைக் காணோம். ஆனால் மறைக்கவில்லை. அந்த டாக்டருக்கே போன் போட்டு, இவ்வளவு நீளம், இந்த நிறம் என்று சொன்னேன். கண்காணிக்கச் சொன்னார். மறுநாள் வந்துவிட்டது. இதையெல்லாம் உனக்கு எழுத எனக்குக் கை கூசவில்லை என்பதே ஆச்சரியமாக இருக்கிறது.

வெளியில் கூசுகிறது. பஸ்ஸில் அவன் குழாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "இவ்ளோ பெரிய பையனுக்கு இன்னும் இந்தப் பழக்கமா?" என்று யாராவது கேட்கிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் "பல் வலிக்கு" என்றேன். இறங்கி வீட்டுக்கு வரும் வரைக்கும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் அவ்வளவுதான் தேறியிருக்கிறேன்.

வேலையில் ஒன்று நடந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மா. ஆள் வருகிறார்களா, வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எப்போதும் போல "கிளம்பிட்டாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னும் கிளம்பலைம்மா, நேரமாகும்போல இருக்கு. ஆனா நான் லைன்லயே இருக்கேன், வைக்க மாட்டேன்" என்று வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் எந்தக் கடையில் எந்த விலைக்கு மீன் வாங்கினார் என்று சொல்ல ஆரம்பித்தார். கதவு திறக்கும் வரைக்கும் பேசினார். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கண்டித்தார், வாடிக்கையாளர்களிடம் அப்படிச் சொல்லக் கூடாதாம்.

உன் மேல் கோபம் இருந்தது. நிறைய இருந்தது. தெரிந்தும் சொல்லவில்லையே என்று. பிறகு உன் கூரியர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மேலே ஏதோ ரசீது எண் எழுதியிருக்கிறார்கள். "இரண்டு தடவை படி" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மை கலங்கியிருக்கிறது. சொல்லத் தைரியம் இல்லாத உன்னால் அவ்வளவுதான் முடிந்தது. கேட்கத் தைரியம் இல்லாத என்னாலும் "நாங்களும் ஒரு சோபா வாங்கலாமா" என்றுதான் முடிந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல வேளை, பிழைத்தான். இனிமேல் நேராகவே சண்டை போடுவோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். முதலில் பல் செட்காரர் வீட்டுக்குப் போக வேண்டும், வழியைக் கேட்டு வை. மேனேஜரைப் பார்த்து நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அது என்னை மறந்திருந்தால் நல்லது. அணில் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்காரட்டும். அதன் மேல் கை வைத்திருக்கும்போது அவன் வாய் எதையும் தேடாது, அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது வருவதற்குள் தின்றுவிட்டான் போலிருக்கிறது.

அப்புறம் உன் வீடு. ரிமோட், செருப்பு, தலையணை எல்லாவற்றையும் உயரத்தில் வை. மாமியாரிடம் அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல். அன்றைக்குச் சொன்னாரே, பிடித்துப் பார்க்கட்டும், தெரியும். கோபமாகச் சொல்லவில்லை.

சோபாவில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்துவிடு. நாங்கள் இருக்கும்போது யாராவது மேலே வந்து, "இது என்ன, நாய் கடிச்சுதா?" என்று கேட்டால், நீ முந்திக்கொள்ளாதே. மாப்பிள்ளையும் எதுவும் சொல்ல வேண்டாம். நாய் என்று முதலில் சொன்னது நான்தான். என் பையன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா